முகாம் வாசலிலிருந்து நூற்றிருபது எட்டு

நேற்றுப் பின்னேரம் பேத்தி விறாந்தையில் இருந்து நகத்துக்குக் கியூட்டெக்ஸ் பூசிக்கொண்டிருந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழும்பி உள்ளே போய்விட்டேன். "என்ன அம்மப்பா, தலையிடிக்குதா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். நான் சொல்லும் பொய்கள் எல்லாம் இப்படித்தான், சின்னதாக, கேட்பவருக்கு வசதியாக இருக்கும்.

ரோனியோ அச்சுக்கு வெட்டும் மெழுகுத் தாளில் பிழை விட்டால் அதன் மேல் தடவி மூடுவதற்கு ஒரு சிவப்புத் தண்ணி இருந்ததே, அதற்கும் இதே மணம். நீ அதைப் போத்தலோடு மூக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சீ, என்ன மச்சான் இது, இதை எப்பிடிக் கிட்ட வச்சுக்கொண்டு சோறு தின்னுற?" என்று முகத்தைச் சுளித்தாய். நீ கண்மூடி மூன்று மாதமாகிறது. போனவனுக்குக் கடிதம் எழுதுகிற கிறுக்கு எனக்கில்லை என்று நினைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தே வயிறு வளர்த்தவன் நான். எனக்காக ஒரு வரி எழுதியதில்லை. இதுதான் முதல்.

சண்டைக் காலத்தில் என் கடையில் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒரு தமிழ்த் தட்டெழுத்துப் பொறி, கையால் சுற்றிப் பிரதி எடுக்கிற ரோனியோ மெசின் ஒன்று. அவை இரண்டையும்விட நல்ல விலை போனது என் சிங்களம். பொலன்னறுவையில் நெல் ஆலையொன்றில் ஆறு வருடம் கணக்கெழுதியதில் பிடித்துக்கொண்டது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அழுதுகொண்டு வருகிற தாய்மாருக்கு ஆமி முகாம் பொறுப்பதிகாரிக்கு மனு எழுதிக் கொடுப்பேன். சனம் என்னை மரியாதையாகத்தான் பார்த்தது. எனக்கும் தலையில் கொஞ்சம் கனம் இருந்தது.

நீ படுவான்கரையிலிருந்து தையல் மெசினைத் தோணியில் ஏற்றிக்கொண்டு, மனைவியோடு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தவன். என் கடைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் ஒரு அறையை எடுத்து மெசினைப் போட்டாய். வெட்டு உனக்குக் கைவந்தது. ஆனால் உள்ளொழுங்கையில் ஒரு தையல்கடை இருக்கிறதென்று ஆருக்குத் தெரியும்? பகல் முழுக்க மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பாய். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கிய காலம் அது. தை மாதம் பள்ளிக்கூடம் திறக்குமுன் வீட்டுக்கு வீடு வெள்ளைத் துணி இருக்கும், தைக்க ஆள்தான் வேண்டும். மார்கழியில் ஒருநாள் நீ வந்து என் கடை மர வாங்கில் இருந்துகொண்டு, "மச்சான், உன்ட மெசினால எனக்கொரு நோட்டீஸ் அடிச்சுத் தா. இந்த மாசத்தை விட்டனெண்டா மறுகா வருசம் முழுக்க ஈதான் ஓட்டணும்" என்றாய்.

நான் அன்றே உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை எழும்பி நின்று வாசித்தும் காட்டினேன். 'நவநாகரிக முறையில் ஆண், பெண் இருபாலாருக்குமான சகலவிதமான ஆடைகளும் குறித்த தவணையில் திறம்படத் தைத்துக் கொடுக்கப்படும்.' நாலு பக்கமும் கொடியும் பூவுமாகக் கரை கீறுவதாகத் திட்டம். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"டேய், இது கோட்டில நீதவான் வாசிக்கிற கட்டளை மாதிரிக் கிடக்கு. மனிசி ஒருத்தி துறையில தோணியால இறங்குறாள் எண்டு வை. ஒரு கையில புள்ள. மத்தக் கையில துணிப் பொட்டளி. அவள் எந்தக் கையால இதைப் பிடிச்சு வாசிக்கிற?"

எனக்குக் கோபம் வந்தது. நோட்டீஸ் எழுதுவது என் தொழில், தைப்பது உன் தொழில். ஆனால் நீ சொன்னது சரி என்பதும் உடனே விளங்கியது, அதனால்தான் கோபம் கூடியது. மறுபடி எழுதினேன். நடந்துகொண்டே படிக்கும்படி மேலே ஒரே வரி, விரல் உயரத்துக்கு: 'பள்ளிச் சட்டைத் துணி கிடைத்துவிட்டதா? மூன்று நாளில் சட்டை.' அதன் கீழே நீ சொல்லச் சொல்ல நான் எழுதியவை இரண்டு வரிகள்தான். 'மிச்சத் துணியைத் திருப்பித் தருவோம்.' 'வளரும் பிள்ளைக்கு மடிப்பு விட்டுத் தைப்போம்.' தையற்காரன் மிச்சத் துணியை அமுக்கிவிடுவான் என்பதுதான் எல்லாத் தாய்மாரின் பயமும். பிள்ளை ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும் என்பது அடுத்த பயம். நீ துணி வெட்டுகிறவன், தாய்மாரின் மனதை அளவெடுத்து வைத்திருந்தாய். கரையும் வேண்டாம், பூவும் வேண்டாம், சும்மா வெள்ளையாக விடு, எழுத்து எடுப்பாகத் தெரியும் என்றாய்.

அப்படியே விட்டிருந்தால் நல்ல நோட்டீஸ். ஆனால் அதில் என்னுடையது என்று சொல்ல ஒன்றும் இல்லையே. வேலியால் போன ஓணானை மடியில் கட்டுவது என்பார்களே, அதைத்தான் செய்தேன். கீழே வெறுமையாக இருந்த இடத்தைக் காட்டி, "இதில வழி காட்ட மெப் ஒண்டு வேணும்" என்றேன்.

"மெப் என்னத்துக்கு? கேட்டா ஆரும் காட்டுவாங்கதானே."

"அங்கால இருந்து வாற சனத்துக்கு இந்த ஒழுங்கை தெரியுமா? துறையில இறங்கினா நேர கடைக்கு வரணும். வழியில ஆரிட்டயும் கேக்க விட்டா, அவன் தன்ட மச்சான்ட கடையக் காட்டிருவான்."

மறுக்க முடியாதபடி கதைப்பதில் நான் கெட்டிக்காரன்.

வழி சொல்வதென்றால் அந்த நாட்களில் எங்களுக்கு இருந்த அடையாளம் ஒன்றுதான். தபால் கந்தோர் இடம் மாறிவிட்டது. சந்தைக் கட்டடம் உடைந்து கிடந்தது. பெரிய கடைகள் எரிந்துபோய் மூடியிருந்தன. அசையாமல் ஒரே இடத்தில் இருந்தது முகாம் மட்டுந்தான். வைத்தியர் வீடு எங்கே, முகாமுக்கு அங்கால. மாவு மில் எங்கே, முகாமுக்கு எதிர் ஒழுங்கை. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் எல்லாரும் இப்படித்தான் வழி சொன்னோம், சொல்லும்போது பயமாகக்கூட இருக்கவில்லை. நானும் துறையைக் கீறினேன், வீதியைக் கீறினேன், வீதியில் முகாம் வாசலைக் கீறினேன். வாசலின் இரண்டு பக்கமும் மண்மூட்டைக் காவலரண் இருந்ததல்லவா, அதையும் மூட்டை மூட்டையாகக் கீறி வைத்தேன். பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டுமாம்.

அதோடு நின்றேனா? தூரமும் போட வேண்டும் என்றேன். முகாம் வாசலிலிருந்து உன் ஒழுங்கை வரை எட்டு எட்டாக நடந்து எண்ணினேன். நீயும் கூட வந்தாய். காவலுக்கு நின்றவன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சத்தமாக எண்ணிக்கொண்டு போக, நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"மச்சான், வாய்க்குள்ள எண்ணு. அவன் பாக்கான்."

"எண்ணினா என்னடா? எண்ணக்கூடாதெண்டு சட்டமா?"

நூற்றிருபது எட்டு. அதையும் அம்புக்குறி போட்டு எழுதினேன். இரும்பு முனைப் பேனாவால் மெழுகுத் தாளில் கீறும்போது ஒரு கோடுகூடக் கிழியவில்லை. நீ தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வடிவாத்தான் கீறுறாய்" என்றாய். அந்த ஒரு சொல்லுக்கு நான் பகல் முழுவதும் மிதந்தேன்.

நானூறு துண்டு அடித்தோம். உன் மனைவி துறையில் நின்று ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். முதல் கிழமையே உன் அறையில் துணிப் பொட்டளிகள் கூரைவரை ஏறின. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் எழுதிய துண்டை நீ குண்டூசியால் குத்தி வைத்திருந்தாய். மெசின் சத்தம் என் கடைவரை கேட்கும். என் கடைச் சுவரில் நோட்டீஸ் ஒன்றை ஒட்டி வைத்து, வருகிறவர்களிடம், "நான் செஞ்சது, எப்பிடி?" என்று கேட்டேன். எத்தனை பேரிடம் கேட்டேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

படுவான்கரைக்குத் திரும்பிப் போன ஒரு மனிசியின் பையைச் சோதனைச் சாவடியில் கொட்டிப் பார்த்தபோது துணியோடு அந்தத் துண்டும் விழுந்திருக்கிறது. தமிழ் தெரியாதவன் கண்ணால் அதைப் பார். முகாம், வாசல், இரண்டு காவலரண், ஒரு அம்புக்குறி, அம்பில் ஒரு எண். அதுவும் இயக்கத்தின் கையில் இருந்த, வாவியின் அந்தப் பக்கத்துக்குப் போகிறது. மறுநாள் காலை உன்னைக் கொண்டுபோனார்கள். அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்கவே போனாயாம். கேள்விப்பட்டதும் நான் செய்த முதல் வேலை சுவரில் இருந்த நோட்டீசைக் கிழித்து அடுப்பில் போட்டதுதான். ஒரு மணித்தியாலத்தில் எனக்கும் ஆள் வந்தது.

முகாமில் இருந்த அதிகாரிக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. கதிரை தந்தான், இருக்கச் சொன்னான். என்னை அவன் கூப்பிட்டது இரண்டு காரணத்துக்காக. ஊரில் ரோனியோ மெசின் என்னிடம்தான் இருந்தது, சிங்களமும் எனக்குத்தான் தெரியும். துண்டை என் முன்னால் வைத்து வாசிக்கச் சொன்னான். நான் வரி வரியாகச் சொன்னேன். மிச்சத் துணியைத் திருப்பித் தருவோம் என்ற வரிக்கு அவன் லேசாகச் சிரித்தான். எங்கள் ஊர்த் தையற்காரனும் எடுத்துக்கொள்வான் என்றான். அந்தச் சிரிப்பில் ஒரு இடம் இருந்தது மச்சான். அப்போது நான் வாயைத் திறந்து, ஐயா, இந்தப் படத்தை நான்தான் கீறினேன், கடைக்கு வழி காட்டத்தான் கீறினேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சிங்களம் இருந்தது. விளக்கிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

நான் சொன்னது வேறு. தையற்காரர் கீறிக் கொண்டுவந்து தந்ததை நான் அடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்று சொன்னேன். வீட்டில் மனைவிக்கு எட்டு மாதம். அதை இங்கே எழுதுவது சாட்டுக்காக அல்ல. அந்த நேரத்தில் அவளை நினைத்தேன் என்றுகூட என்னால் சத்தியம் பண்ண முடியாது. என் தோலைத்தான் நினைத்தேன்.

உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. அதிகாரி உன்னைப் பார்த்து, "மேக எந்தே கவுத?" என்று கேட்டுவிட்டு, தமிழில் கேட்கும்படி எனக்குக் கை காட்டினான். இதைக் கீறியது யார், அவன் கேட்டது இவ்வளவுதான். நான் உன் முகத்தைப் பார்க்காமல் உன் கழுத்து நாடாவைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னேன்.

"இந்த மெப்பைக் கீறி என்னட்டக் கொண்டுவந்து தந்தது நீதானே எண்டு கேக்கார். ஓமெண்டு சொல்லு, விட்டிருவாங்க."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "ஓம்" என்றாய்.

நான் அவன் பக்கம் திரும்பி, தான்தான் கீறினதாகச் சொல்கிறார் என்று சிங்களத்தில் சொன்னேன். பிழையில்லாத சிங்களம். என்னை மத்தியானச் சோற்றுக்கு முன் வீட்டுக்கு விட்டுவிட்டார்கள்.

உன்னை வேறெங்கோ மாற்றினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல். பள்ளிக்கூடம் திறந்தது. உன் மனைவி வெட்டாத துணிகளைப் பெயர் பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். அவள் ஓடி வந்தது என்னிடம்தான், வேறு ஆரிடம் வருவாள்? "அண்ணன், நீங்கதான் சிங்களம் தெரிஞ்ச ஆள். ஒரு மனு எழுதித் தாங்க. ஒருக்கா வந்து கதைச்சும் விடுங்க." மனு எழுதினேன். 'எனது கணவர் ஒரு அப்பாவித் தையற்காரர், வழியைக் காட்டும் நோக்கத்துடன் அறியாமல் இப்படத்தை வரைந்துவிட்டார்.' அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த நாள் நன்றிக்கென்று ஒரு கோப்பை இறால் கறி கொண்டுவந்து தந்தாள். வாவி இறால், தேங்காய்ப்பால் விட்டு வற்றக் காய்ச்சியது. நான் அதைச் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். நன்றாகத்தான் இறங்கியது, கோப்பையைச் சோற்றால் வழித்தும் தின்றேன்.

பங்குனி வெயிலில் நீ திரும்பி வந்தாய். இடது தோள் அதன் பிறகு முழுதாக உயரவில்லை. அளவெடுக்கும்போது நாடாவின் மேல்நுனியை உன் மனைவிதான் பிடிப்பாள். உன்னைப் பார்க்க நான் வரவில்லை. ஒரு கிழமை பார்த்துவிட்டு நீயே வந்தாய். அதே வாங்கில் இருந்தாய். நான் என்னென்னவோ கதைத்தேன். சீனி விலை, மழை, பாசிக்குடாப் பக்கம் பஸ் ஓடாதது. நீ கேட்டுக்கொண்டே இருந்தாய்.

"அங்க கூட இருந்த பொடியன் ஒருத்தன் எனக்குக் கொஞ்சம் சிங்களம் சொல்லித் தந்தவன் மச்சான். பொழுது போகணுமே." குரலில் கோபமே இல்லை. "மேக எந்தே கவுத. அந்தச் சத்தம் காதுக்குள்ளயே கிடந்திச்சு. இதைக் கீறினது ஆர் எண்டுதானே அண்டைக்கு அவன் கேட்டவன்?"

தட்டெழுத்துப் பொறியின் மேல் தூசி தட்டினேன்.

"நீ நேர கேட்டிருந்தாலும் நான்தான் எண்டு சொல்லியிருப்பன். உனக்கு வீட்டில புள்ளத்தாச்சி. எனக்கு அது தெரியாதா?" வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னாய், "நீ கேட்டிருக்கலாம்."

ஒரு அறை தந்திருக்கலாம் நீ. சந்தியில் நின்று ஊர் கேட்கக் கத்தியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, ஒரு வருடம் முகம் பார்க்காமல் இருந்து, பிறகு எந்தச் செத்த வீட்டிலாவது சேர்ந்திருப்போம். நீ அதைச் சொல்லிவிட்டு, சித்திரை வருசத்துக்குச் சனம் புதுச்சட்டை தைக்கும், இன்னொரு நோட்டீஸ் அடித்துத் தா, இந்த முறை மெப் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டு கேட்டாய். எனக்கு அதைவிடப் பெரிய மன்னிப்பு இந்தப் பிறப்பில் கிடைக்கப்போவதில்லை. நான் சொன்னேன், மெசின் பழுது என்று. மெசின் பழுதில்லை. மூலையில் துணி போட்டு மூடியிருந்த மெசினை நீ ஒருதரம் பார்த்துவிட்டு, "சரி, வாறன்" என்று எழும்பிப் போனாய்.

பிறகு முப்பது வருடம் ஒரே ஊரில் இருந்தோம். கண்டால் சிரித்தோம். என் மகளின் கலியாணச் சட்டைகளை உன்னிடம் தைக்கத் தராமல் ஓட்டமாவடிக்குப் போய்க் கொடுத்தேன். நீ கலியாணத்துக்கு வந்து வாழ்த்திவிட்டுச் சாப்பிட்டுப் போனாய். நடந்ததை நீ ஆரிடமும் சொல்லவில்லை. உன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்பது, அவள் இன்றுவரை என்னை அண்ணன் என்று கூப்பிடுவதில் தெரிகிறது.

உன் முப்பத்தோராம் நாளுக்கு வந்திருந்தேன். பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு நிற்கும்போது உன் மகன் வந்தான். முகம் உன்னுடையது, நடை என் கண்ணுக்கு உன் மனைவியினது. கையில் ஒரு மஞ்சளித்த துண்டு. உன் மெசின் லாச்சிக்குள் நூல்கட்டைகளுக்கு அடியில் கிடந்ததாம்.

"மாமா, இது உங்கட மெசினில அடிச்சதெண்டு அம்மா சொன்னா. இந்த மெப் ஆர் கீறினது?"

நேரான கேள்வி. தமிழில் கேட்ட கேள்வி. முற்றத்தில் பந்தலும் கதிரைகளும் நாலு கிழடுகளும்தான் இருந்தன, ஆமிக்காரன் ஒருவனும் இல்லை. முகாம் இருந்த இடத்தில் இப்போது விளையாட்டுத்திடல். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, என்னை ஆரும் எதுவும் செய்யப்போவதில்லை.

"அப்பாதான் தம்பி. அவர் கீறிக் கொண்டுவந்து தந்தவர். நான் அடிச்சுக் குடுத்தன், அவ்வளவுதான்."

அதே சொற்கள். யோசிக்கக்கூட இல்லை, வாயே சொல்லிவிட்டது. அவன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூட்டை மூட்டையாகக் கீறியிருந்த காவலரணில் விரலை வைத்துப் பார்த்தான். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்பாக்கு இவ்வளவு வடிவாக் கீற வருமா? ஒருநாளும் எங்களுக்குச் சொல்லலயே."

"ஓம் தம்பி" என்றேன்.

அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இஞ்ச பாருங்க, அப்பா கீறின மெப்" என்று தன் பிள்ளைகளைக் கூப்பிட்டபடி உள்ளே போனான். நான் அவனைத் திரும்பக் கூப்பிட வாயெடுத்தேன். உள்ளே பிள்ளைகள் துண்டைப் பார்க்க முண்டியடிக்கிற சத்தம் கேட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.